வெட்டிக் கழித்த கை

நோபேட்டுக்கு ஒரு படம்கூட இல்லை என்று சொன்னால் புளியந்தீவில் யாரும் நம்பமாட்டார்கள். ஊரில் பாதிப்பேருக்கு அடையாள அட்டைப் படம் எடுத்தவர் என் கணவர். கலியாணம், கோயிலில் பிள்ளைகளின் முதல்நன்மை, செத்தவீடு எதுவென்றாலும் அவர்தான் கமெராவுக்குப் பின்னால் நிற்பார். உங்களை ஒரு படம் எடுப்போம் வாருங்கள் என்றால் மட்டும், "என்ட மூஞ்சைக்கு ஏன் பிலிமை நாசமாக்குவான்" என்று கழன்றுவிடுவார். எங்கள் கலியாணப் படம் ஒன்று இருந்தது. எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளியில் ஸ்டூடியோக் கூரை பறந்து, உள்ளே இருந்ததெல்லாம் மழையில் ஊறியது. நெகடிவ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. கலியாணப் படத்தில் என் சேலைக் கரையும் அவருடைய சப்பாத்தும் மிஞ்சின. மேலே முகங்கள் இருந்த இடம் கரைந்து வழிந்திருந்தது.

அவரும் அன்றைக்குத்தான் போனார். வாவிக்கு அப்பால் படுவான்கரையில் ஒரு கலியாணத்துக்குப் படம் எடுத்துவிட்டு, காற்று பிடிக்குமுன் வீடு வந்து சேரலாம் என்று பின்னேரம் துறையில் தோணி ஏறினாராம். தோணி கரையோரக் கண்டல் பற்றைக்குள் கவிழ்ந்து கிடந்தது. தோணிக்காரரின் உடல் கிடைத்தது. இவரை வாவி கடைசிவரை தரவில்லை.

என் மாமியார் செபஸ்தியம்மா அழவில்லை. அவருடைய ஆத்மாவுக்காகப் பூசைக்குக் கொடுப்போம் என்று பங்குச் சுவாமி வந்து கேட்டபோது, "உடம்பைக் காணாம ஆருக்குப் பூசை?" என்று கதவைச் சாத்திவிட்டா. சுவாமிக்கு அந்தக் கதவு அதற்குப் பிறகு திறக்கவில்லை. முப்பத்தோராம் நாள் நினைவு வந்தது, போனது. அவரை உயிரோடு இருப்பவர்களுடன் சேர்ப்பதா, இறந்தவர்களுடன் சேர்ப்பதா என்று தெரியாமல் நான் ஜெபத்தில் அவருடைய பெயரையே சொல்லாமல் விட்டேன். அது எனக்குப் பெரிய பாவமாகப் பட்டது.

கூரை போடுவதற்கு உதவியாக என் தம்பி ஜெயராஜா கொழும்பிலிருந்து வந்தான். அவன் சித்திர ஆசிரியர். சுத்தியல் கொண்டுவருவான் என்று பார்த்தால் தடித்த புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். ஜேர்மனிக்காரர் படங்களை வெட்டி ஒட்டிச் செய்த ஓவியங்களாம்.

"அக்கா, நீ செய்யிறதும் இதுதான். இதுக்குப் பேர் ஃபோட்டோ மொன்டாஜ்."

"பேர் எனக்கெதுக்கு? ஆணியைப் பிடி" என்றேன்.

அவன் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. ஸ்டூடியோவின் பின்னறை வேலை என்னுடையது. கலியாணத்துக்கு முன்பே தகப்பன் இறந்திருந்தால், அவருடைய பழைய படத்திலிருந்து உருவத்தை வெட்டி, பின்பக்கத்தை உரசி மெல்லிசாக்கி, பெண்ணின் பக்கத்தில் ஒட்டுவேன். ஓரத்தைத் தூரிகையால் மறைத்து மறுபடி ஒரு படம் எடுத்தால் தகப்பன் மகளின் கலியாணத்தில் நிற்பார். ஒட்டுத் தெரியாது. தெரிந்தால் அது என் தொழிலுக்கு அவமானம்.

அந்தக் கண்ணோடுதான் புத்தகத்தையும் பார்த்தேன். ஜோன் ஹார்ட்ஃபீல்ட் என்பவரை எனக்கு உடனே பிடித்துவிட்டது. ஹிட்லர் வாயைப் பிளந்து பேசுகிறான். எக்ஸ்ரே எடுத்ததுபோல நெஞ்சுக்குள்ளே முதுகெலும்பு தெரிகிறது. அது முழுக்கக் காசுகளை அடுக்கியது. கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தும் ஒட்டு அகப்படவில்லை. இந்த மனிசன் தொழில் தெரிந்தவன் என்றேன். அடுத்தது ஹன்னா ஹோக் என்றொரு பெண். ஒரு முகத்துக்கு இரண்டு அளவில் கண்கள், குழந்தை உடம்பில் கிழவித் தலை, கத்தரிக்கோல் போன தடம் எல்லாம் பச்சையாகத் தெரிந்தன.

"இவளை என்ட பின்னறையில வேலைக்கு வைக்கமாட்டன்" என்றேன்.

"அவ ஒட்டை வேணுமெண்டுதான் விட்டிருக்கிறா அக்கா."

"வேலை தெரியாத எல்லாரும் சொல்லுறது அதுதான்."

அவன் சிரித்தான். லீவு முடிந்து திரும்பும்போது புத்தகத்தை வைத்துவிட்டுப் போனான்.

சுவாமி இன்னொருமுறை வந்து போன பிறகுதான் மாமி பின்னறைக்கு வந்தா. எத்தனை பேரின் செத்த தகப்பன்மாரை எழுப்பிவிட்டாய், என் மகனுக்கு ஒரு படம் செய்யமாட்டாயா என்று கேட்டா. வெட்டுவதற்கு முகம் இல்லையே மாமி என்றேன். மாமியிடம் வழி இருந்தது.

"மத்தேயு இருக்கிறானே. அவனை வைச்சுப் பிடி."

மத்தேயு என் கணவரின் தம்பி. திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை. இரண்டுபேருக்கும் ஒரே சாயல். அப்படிச் செய்வது எங்கள் தொழிலில் புதிதும் இல்லை. படமே இல்லாமல் இறந்துபோனவருக்குச் சகோதரத்தை உட்காரவைத்து எடுத்து, தலைமயிரை மாற்றி, மீசையை ஏற்றிக் கொடுப்போம். வாங்கிக்கொண்டு போகிறவர்கள் கும்பிட்டுப் போவார்கள். நானும் அதைப்போல ஒன்றென்று நினைத்தேன்.

மத்தேயு அண்ணனின் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். பாவம், கண் கலங்கியபடிதான் நின்றான். எடுத்த படத்தில் நான் வகிட்டை மறுபக்கம் மாற்றினேன். கன்னத்தை நிரப்பினேன். இடது கன்னத்தில் அவருக்கிருந்த மச்சத்தைத் தூரிகை முனையால் வைத்தேன். என் வாழ்நாளில் அதைப்போல ஒரு வேலை செய்ததில்லை. மாமி அதைக் கூடத்தில் மாட்டி, "இந்தா நிக்கிறான் என்ட மகன். இனி ஆரும் பூசையெண்டு வரட்டும், பார்ப்பம்" என்றா. காலையில் எழுந்ததும் அதன் முன்னால்தான் சிலுவை போடுவா.

உயிர்த்த ஞாயிறுக்கு மத்தேயு வீட்டுக்கு வந்தான். படலையைத் திறந்துகொண்டு வெயிலில் நடந்து வருகிறவனைக் கண்டதும் வாசலுக்கு ஓடினேன். வந்துவிட்டார் என்றே நினைத்தேன். கிட்ட வந்ததும் மத்தேயு. கன்னத்தில் மச்சம் இல்லை. என் மடத்தனத்தை நானே திட்டிக்கொண்டு, அடுப்படியில் கண்ணை மூடி நோபேட்டை நினைத்துப் பார்த்தேன். வந்தது மத்தேயு, நான் வைத்த மச்சத்தோடு. வேறு விதமாக நினைத்தேன். குளித்துவிட்டு வருகிற நோபேட். கோபத்தில் இருக்கிற நோபேட். எல்லாவற்றுக்கும் கூடத்தில் தொங்குகிற முகம்தான் வந்தது. அவ்வளவு நேர்த்தியாகச் செய்திருந்தேன் நான். வாவி உடம்பைத்தான் கொண்டுபோனது. முகத்தை நான் என் கையால் அழித்துவிட்டேன். கறி அடிப்பிடித்துக் கருகிய பிறகுதான் எனக்கு மணம் தெரிந்தது.

மாமியிடம் சொல்லப் பயமாக இருந்தது. அவவுக்கு அந்தப் படம் மகன். அது மகனில்லை என்றால் அவ எங்கே போவா?

அந்த நாட்களில் எதிலும் கை ஓடவில்லை. தூரிகையை எடுத்துத் திரும்பவும் கீழே வைப்பேன். அப்படி ஒரு பின்னேரம் தம்பியின் புத்தகத்தைச் சும்மா விரித்தேன். ஹார்ட்ஃபீல்ட் வந்தார். ஒட்டு அப்போதும் தெரியவில்லை. ஆனால் ஹிட்லரின் நெஞ்சுக்குள் உண்மையிலேயே காசு இருக்கிறது என்று எந்தப் பைத்தியமும் நம்பாது. அந்த மனிசன் ஒட்டை மறைத்தது, பொய்யன் இவன் என்று எல்லாருக்கும் தெரியவேண்டும் என்பதற்காக. நான் மறைத்தது பொய்யை நம்பவைக்க. ஹன்னா ஹோக்கின் படங்கள் இருந்த பக்கத்துக்கு வந்தேன். அளவு பொருந்தாத கண்கள் அப்படியே என்னைப் பார்த்தன. இது துண்டு, இதுவும் துண்டு, என்னிடம் இருப்பது இவ்வளவுதான் என்று அவள் சொல்வதாக எனக்குப் பட்டது. ஓரத்தை மறைத்திருந்தால் இல்லாததையும் இருக்கிறது என்று சொல்லியிருப்பாள். வேலை தெரியாதவள் என்று சொன்ன என் வாயை நினைத்து வெட்கப்பட்டேன்.

அப்போதுதான் பிஸ்கற் தகரப் பேணியின் ஞாபகம் வந்தது. பிள்ளைகளைப் படம் எடுக்கும்போது நோபேட் பக்கத்தில் குனிந்து நின்று, "இஞ்ச கிறுகு மனே" என்று முகத்தைத் திருப்பி நாடியை நிமிர்த்திவிடுவார். கையை எடுக்குமுன் மற்றக் கையில் பிடித்திருக்கும் கமெரா வயரை அமுக்கிப் படத்தைத் தட்டிவிடுவார். ஓரத்தில் அவருடைய கை விழுந்திருக்கும். அதை வெட்டிக் கழிப்பது என் வேலை. "உங்கட கையை வெட்டியே என்ட கை ஓஞ்சு போயித்து" என்று அவரை எத்தனையோ தரம் ஏசியிருக்கிறேன். கழித்த துண்டுகளை நான் எறியாமல் அந்தப் பேணிக்குள் போட்டுவைப்பேன். சாயம் சரியா என்று தொட்டுப் பார்க்க அவைதான் உதவும். பேணி இறுக்கமான மூடியோடு அலுமாரிக்குள் கிடந்ததால் மழை அதற்குள் போகவில்லை.

மேசையில் கொட்டினேன். கைகள். ஒரு குழந்தையின் நாடிக்குக் கீழே, ஒரு பெண்பிள்ளையின் ரிப்பனுக்குப் பக்கத்தில், ஒரு கிழவரின் தோளில். மணற்தரையில் விழுந்த நிழல், முக்காலியோடு. மணப்பெண்ணின் நிலைக்கண்ணாடிக்குள் ஒரு தோளும் காதும். அந்தக் காதைக் கண்டதும் வாய்விட்டு அழுதேன். அது மத்தேயுவின் காது இல்லை.

கறுப்பு மட்டை ஒன்றில் அவற்றை ஒட்டினேன். கீழே கலியாணப் படத்துச் சப்பாத்து, அதிலிருந்து எழும்பும் நிழல், கண்ணாடிக்குள் இருந்த தோள், சுற்றிவரக் கைகள். சில கைகள் பெரியவை, சில சின்னவை. ஓரத்தை உரசவில்லை. வெள்ளை விளிம்பு அப்படியே தெரிந்தது. தலை வரவேண்டிய இடத்தில் காது மட்டும் இருந்தது. மற்றதெல்லாம் கறுப்பு மட்டை.

மாமியைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தா. பிறகு வெடித்தா.

"என்ன கா செய்து வைச்சிருக்கிறாய்? என்ட பிள்ளையைக் கொத்திப் போட்டிருக்கிறாய்!"

மட்டையைத் தள்ளிவிடக் கை நீட்டினவ, நீட்டின கையோடு நின்றா. குழந்தையின் நாடிக்குக் கீழே இருந்த கையில் சின்னவிரல் வெளிப்பக்கம் கோணியிருந்தது. இத்தனை வருசம் அதை வெட்டிய நான் கவனித்ததில்லை. மாமி அதன்மேல் தன் விரலை வைத்தா.

"கோட்டை மதிலால விழுந்து முறிச்ச விரல். ஒழுங்காக் கட்டுப்போட விடல்ல, கள்ளன்." குரல் தணிந்துவிட்டது. "முகம் எங்க பிள்ளை?"

"இல்ல மாமி." சொல்லித்தான் ஆகவேண்டும். "அவர்ட முகம் எனக்கு மறந்து போயித்து. கண்ணை மூடினா மத்தேயுதான் வாறான்."

அடிப்பா என்றுதான் நினைத்தேன். மாமி கதிரையில் உட்கார்ந்தா. விரலை எடுக்கவில்லை.

"எனக்கும் அப்பிடித்தான் மனே. உனக்கிட்டச் சொல்லப் பயந்துபோய் இருந்தன்" என்றா.

நாங்கள் இருவரும் ஒரே வீட்டில், ஒரே படத்தின் முன்னால், ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் அவரைத் தொலைத்திருக்கிறோம். மாமி அப்போதுதான் அழுதா. சூறாவளிக்குப் பிறகு முதல் தடவை. நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவவின் மடியில் தலையை வைத்தேன்.

அழுது முடிந்ததும் கூடத்துக்குப் போய், ஆணியிலிருந்து படத்தைக் கழற்றிக்கொண்டு வந்தா.

"சுவாமிட்டப் போய்ச் சொல்லு, பூசைக்குக் குடுப்பம் எண்டு. இதை மத்தேயுவுக்கு அனுப்பு. அவன்ட படம்தானே. அந்த மச்சத்தை எடுத்திட்டு அனுப்பு."

சட்டத்தைப் பிரித்து, பிளேடின் முனையால் மச்சத்தைச் சுரண்டினேன். என் கணவரின் கோட்டைப் போட்டுக்கொண்டு, கண் கலங்கியபடி, மத்தேயு நின்றான்.