இழுத்துப் பார்க்கச் சொன்ன முடி

1

இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது என்று எழுதினால் எடுப்பாக இருக்கும். ஆனால் சொன்ன அன்று அது பொய் இல்லை.

நான் பியாட்ரிஸ், வயது ஐம்பத்திரண்டு. ஆறு வருடத்துக்கு முன் மார்பகப் புற்றுநோய் வந்தது, போனது. அதன்பின் வியாழன்தோறும் குளுவாங்கிலிருந்து பஸ் ஏறி, ஜொகூர் பாருவில் ஒரு மருத்துவமனையின் கீமோ வார்டில் புது நோயாளிகளோடு உட்கார்ந்து பேசுகிறேன். சம்பளம் கிடையாது. குடிக்க மைலோ கொடுப்பார்கள்.

2

தொடக்கம்: 'மலர் அழுதுகொண்டே வார்டுக்குள்'

(அடித்துவிட்டேன். அவள் அழவில்லை. காஹாங்கில் செம்பனைத் தோட்ட ஆபீசில் வேலை, இரண்டு பிள்ளைகள். எந்த நிமிடமும் எழுந்து போகிறவள்போல் கைப்பையை மடியில் வைத்திருந்தாள்.)

"எனக்கு இந்த மருந்து வேணாங்கா. எங்க சித்தி போட்டுக்கிட்டும் செத்துத்தானே போனாங்க?"

நான் வாதாடவில்லை. என்னைப்போல் பேச வருகிற எங்கள் குழுவில் எல்லாரும் செய்வதையே செய்தேன். என் மொட்டைத் தலைப் படத்தைப் போனில் காட்டிவிட்டு, குனிந்து தலையை நீட்டினேன்.

"இழுத்துப் பாரு லா. சொந்த முடி. நோய் எனக்குப் போயே போச்சு, உனக்கும் போகும்."

நன்றாகவே இழுத்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"சரி, போடச் சொல்லுங்க" என்றாள்.

ஆறு ஊசியில் இரண்டு முடிந்தன. ஒவ்வொரு தடவையும் என் முடியை ஒருமுறை இழுத்துவிட்டுத்தான் கையை நீட்டுவாள்.

3

பத்து நாளுக்கு முன் என் ஸ்கேன் முடிவு வந்தது. நோய் திரும்பிவிட்டது, இம்முறை எலும்பில். எனக்குப் பயமாக இருக்கிறது. (இந்த வாக்கியத்தை அழகாக்கப் பார்த்தேன். வரவில்லை. இருக்கட்டும்.)

என் ஊசிக்கு நாள் குறிக்க, வார்டுத் தாதி லோஷினி போன் செய்தார்.

"செவ்வாயும் இடம் இருக்கு, வியாழனும் இருக்கு ஆன்ட்டி. வியாழன்னா மலருக்குப் பக்கத்து நாற்காலி. எது வேணும்?"

பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, இதை எழுத உட்கார்ந்தேன்.

4

முடிவு அ: செவ்வாய் போகிறேன். மலருக்குத் தெரியாது. முடி கொட்டியதும் விக் வைத்துக்கொள்கிறேன். அவள் இழுப்பாள்.

(யோசிக்காமல் எழுதியிருக்கிறேன்.)

முடிவு ஆ: வியாழன் எல்லாவற்றையும் சொல்கிறேன். மலர் கைப்பையை எடுத்துக்கொண்டு, காஹாங் பஸ்ஸுக்கு

(மாட்டேன்.)

முடிவு இ: சொல்கிறேன். அவள் என் தலையைத் தொட்டு, "அக்கா,

இதற்குமேல் அவள் பேச மறுக்கிறாள். ஆறு வருடமாக நான் பிறருக்குச் சொன்ன ஆறுதலை எல்லாம் அவள் வாயில் வைத்துப் பார்த்தேன். ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

5

எழுதிக்கொண்டிருக்கும்போதே மலரின் குரல் செய்தி வந்தது.

"அக்கா, வியாழன் வந்துருவீங்கல்ல? எனக்கு முடி எல்லாம் போச்சு. மகன் பார்த்துட்டு அலமாக், ஐயோன்னு கத்துறான். நீங்க வாங்க, உங்க முடியப் பார்த்தாத்தான் எனக்குத் தெம்பு."

சிரிக்கிறாள். அவள் சிரித்து நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

நான் லோஷினியைக் கூப்பிட்டு, "வியாழன்" என்றேன்.

என் பங்கு இவ்வளவுதான். சொன்னபிறகு அவள் கைப்பையை எடுக்கிறாளா, கையை நீட்டுகிறாளா என்பதை நீங்கள் எழுதுங்கள். அவசரமில்லை, வியாழனுக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. எழுதும்போது மட்டும் நினைவில் வையுங்கள்: அவளுக்கு இன்னும் நான்கு ஊசி பாக்கி. எனக்கு, மறுபடியும், இது முதலாவது.