ஒரு லிட்டர் பாலின் எடை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையை நான் ஆசைப்பட்டு எழுத உட்காரவில்லை. ஒரு பத்திரிகை ஆசிரியர் போனில் கூப்பிட்டு, அறிவியல் சிறப்பிதழ் கொண்டுவருகிறோம், விஞ்ஞானிகளை வைத்து ஒரு கதை கொடுங்கள் என்றார். எனக்குத் தெரிந்த விஞ்ஞானிகள் மொத்தமே இரண்டு பேர். ஒருத்தி என் அக்கா. இன்னொருவர் அவளைக் கட்டிக்கொண்டவர், என் மாமா. அவர்கள் வீட்டு மாடியில்தான் நான் குடியிருக்கிறேன். சாப்பாடு கீழே. தினமும் தட்டில் போடுகிறவர்களைக் கதையில் போடுவது எவ்வளவு ஆபத்து என்று ஆசிரியருக்கு எங்கே தெரியப்போகிறது, சரி என்று சொல்லிவிட்டேன்.

முதல் தொடக்கம்: "பிரபஞ்சத்தின் மிகச் சிறிய துகளுக்கும் ஒரு மாட்டுக் கொட்டகைக்கும் நடுவே ஒரு சாப்பாட்டு மேஜை மட்டுமே"

வேண்டாம். பெரிய மனுஷத்தனம். படித்தால் நானே எழுந்து போய்விடுவேன்.

இரண்டாவது: "அவள் மாடுகளைக் காதலித்தாள். அவரோ"

ஐயோ, இது சுத்தப் பொய். மாட்டைக் கண்டால் அக்கா நாலடி தள்ளித்தான் நிற்பாள். அவள் உயிரை விடுவதெல்லாம் மாடு தின்கிற தீவனத்தின் விலைக்காக. ஒரு மாட்டுக்கு இவ்வளவு செலவு செய்தால் அது இவ்வளவு பால் கொடுக்கும், விற்றால் கையில் என்ன மிஞ்சும் என்று பார்ப்பதுதான் அவள் ஆராய்ச்சி. (இதற்கு டாக்டர் பட்டமா என்று ஒரு தடவை கேட்டுவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டை மாடியில் பிஸ்கெட்டோடு முடித்துக்கொண்டேன்.)

2

இப்போது பாத்திரங்கள். அக்காவை எழுதுவதில் சிரமம் இல்லை. கோபக்காரி, உழைப்பாளி, தப்புக் கணக்கைக் கண்டால் உடம்பெல்லாம் எரியும். மாமாதான் தொல்லை. அவரை அப்படியே எழுதினால் நம்ப மாட்டீர்கள்.

மாமா கோட்பாட்டு இயற்பியல்காரர். இதுவரை யாரும் பார்க்காத ஒரு துகள் இருந்தால், அதன் நிறை எவ்வளவு இருக்கும் என்று பல வருஷமாகக் கணக்குப் போடுகிறார். ஆய்வகம் கிடையாது. ஒரு வெள்ளைப் பலகை, ஒரு மடிக்கணினி, ஆறிப்போன டீ, அவ்வளவுதான். பாத்திரம் தேய்ப்பார், துணி மடிப்பார், என் கதைகளைப் படித்துவிட்டு "நல்லாருக்கு எழுத்தாளரே" என்பார். குறையே இல்லாத மனுஷனை வைத்துக்கொண்டு நான் கதையில் என்ன செய்ய? ஒரு கெட்ட பழக்கமாவது கொடுப்போம் என்று தேடினேன். தேடிய நேரம், நிஜமாகவே ஒன்று மாட்டியது. மாட்டாமல் இருந்திருக்கலாம்.

(அடிக்குறிப்பு போட வேண்டிய இடம் இது. ஆனால் அடிக்குறிப்பை யாரும் படிப்பதில்லை என்பதால் இங்கேயே சொல்கிறேன். மாமாவின் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கணக்கு எழுதும்போது ஒளியின் வேகத்தை ஒன்று என்று வைத்துக்கொள்வார்கள். இன்னும் சில பெரிய பெரிய எண்களையும் ஒன்று என்றே வைத்துக்கொள்வார்கள். ஒன்றால் பெருக்கினால் எதுவும் மாறாது, கணக்கு லேசாகிவிடும். கடைசியில் விடை வந்ததும், நிஜ எண்களைத் திருப்பிப் போட்டுக்கொள்வார்கள். "இது ஏமாத்து வேலை இல்லையா மாமா" என்றதற்கு, "திருப்பிப் போட மறந்தாத்தான் ஏமாத்து" என்றார். அன்றைக்குச் சிரித்தோம்.)

அக்காவின் விஷயத்துக்கு வருகிறேன். வழக்கமான தீவனத்தில் மக்காச்சோளத்தைக் குறைத்துவிட்டு, பீர் ஆலையில் மிஞ்சும் தானியச் சக்கையைக் கலந்தால் என்ன ஆகும் என்பதுதான் அவள் சோதனை. சக்கை மலிவு. ஆனால் ஈரமாக இருக்கும், கனக்கும், லாரி வாடகை அந்த மலிவைத் தின்றுவிடும். ஆகவே பால் கொஞ்சமாவது கூடினால்தான் லாபம். ஒரு பண்ணையில் இரண்டு கொட்டகைகளைச் சோதனைக்காகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஒன்றில் பழைய தீவனம், ஒன்றில் புதிய தீவனம். பழைய தீவனக் கொட்டகையில் புதுக் கறவை இயந்திரம் இருந்தது, அது பாலை லிட்டரில் காட்டும். இன்னொன்றில் கேனைத் தராசில் தூக்கி வைத்துக் கிலோவில் எழுதிக்கொள்வார்கள்.

இந்த எண்களையெல்லாம் வாங்கிக் கணக்கிடும் கணினி நிரலை எழுதிக் கொடுத்தது மாமா. தன் கட்டுரையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு எழுதினார். ஒன்று லிட்டர், ஒன்று கிலோ, மாற்றிக்கொள்ளுங்கள் என்று அக்காவும் சொல்லித்தான் கொடுத்தாள்.

முடிவு வந்தது. புதிய தீவனம் தின்ற மாடுகள் நூற்றுக்கு மூன்று பங்கு கூடுதலாகக் கறந்தன. இதைக் கேட்டு மூஞ்சியைச் சுளிக்காதீர்கள், பால் தொழிலில் மூன்று பெரிய எண். வியாழக்கிழமை அக்கா அதை, தான் வேலை பார்க்கும் ஆராய்ச்சி நிறுவனத்தின் குழு முன்னால் சொல்ல வேண்டும். குழு ஒப்புக்கொண்டால் ஊரிலுள்ள அத்தனை பண்ணைகளும் சக்கைக்கு மாறும், வருஷா வருஷம் நீட்டிக்கொண்டிருந்த அவள் வேலை நிரந்தரமாகும். அக்கா புதுச் செருப்புக்கூட வாங்கிவிட்டாள்.

3

மூன்றாவது தொடக்கம் இது: "ஒரு லிட்டர் பால் ஒரு கிலோ எடை. அதற்குள் ஒரு மாட்டின் ஒரு காலைப்பொழுது"

நன்றாக வந்துகொண்டிருந்தது. ஆனால் எனக்கு ஒரு வியாதி, எழுதியதைச் சரிபார்க்காமல் விட மாட்டேன். திங்கட்கிழமை காலை, அக்கா பண்ணைக்குப் போயிருந்தாள். கீழே போய் சமையலறைத் தராசில் அளவுக் குவளையை வைத்து, எண்ணைச் சுழியாக்கி, ஒரு லிட்டர் கோடு வரை பாலை ஊற்றினேன். ஆயிரம் கிராம் காட்ட வேண்டியது ஆயிரத்து முப்பது காட்டியது.

தராசு பழசு என்று நினைத்தேன். கழுவிவிட்டு அதே குவளையில் தண்ணீர் ஊற்றினேன். ஆயிரம். மறுபடி பால். ஆயிரத்து முப்பது.

எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை, சத்தியமாக. என் வாக்கியம் போச்சே என்ற எரிச்சல்தான். மாமா துணி மடித்துக்கொண்டிருந்தார். "மாமா, பால் தண்ணியைவிட நூத்துக்கு மூணு கனமா இருக்கு, என் முதல் வரியே அடிவாங்கிடுச்சு" என்றேன்.

மாமாவின் கை நின்றது. மடித்துக்கொண்டிருந்த துண்டை அப்படியே தோளில் போட்டுக்கொண்டு கணினியைத் திறந்தார். எதையோ தேடினார். பிறகு நாற்காலியில் சாய்ந்து மோட்டுவளையைப் பார்த்தார்.

"ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோங்கிறதை ஒண்ணுன்னு வெச்சிருக்கேன்" என்றார். "முதல்ல நிரல் ஓடட்டும், அப்புறம் திருப்பிப் போட்டுக்கலாம்னு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கிலோவில் நிறுத்த கொட்டகையில் அதே பால் நூற்றுக்கு மூன்று பங்கு கூடுதலாகத்தானே தெரியும்? மாடுகள் ஒரு சொட்டுகூடக் கூடுதலாகக் கறக்கவில்லை. மாமாவின் ஒன்றுதான் கறந்திருக்கிறது.

4

இங்கே ஒரு கதாசிரியை என்ன செய்வாள் என்று உங்களுக்குத் தெரியும். விஷயத்தை வியாழக்கிழமை வரை ஒளித்துவைப்பாள். மண்டபம் நிறைய ஆட்கள், அக்கா மேடையில், மாமா கடைசி வரிசையில் கையைப் பிசைந்துகொண்டு. எனக்கும் அந்தக் காட்சி கண்ணில் வந்து ஆடியது, பாதி எழுதியும்

இல்லை, கிழித்துவிட்டேன். பண்ணைக்காரர்கள் நிஜமாகப் பணம் போட்டு லாரி பிடிப்பார்கள்.

மாமா ஒரு விநாடிகூட மறைக்கலாமா என்று யோசிக்கவில்லை. எப்படிச் சொல்வது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. டீ குடித்த பிறகு சொல்லலாமா என்றார். சாப்பிட்ட பிறகு என்றேன். பசியோடு இருந்தால் கடித்துவிடுவாள், சாப்பிட்டுவிட்டால் கடிக்கத் தெம்பு வந்துவிடும் என்று இரண்டு பேரும் அசட்டுத்தனமாக விவாதித்தோம். "நீ எழுதுறவதானே, ஒரு வசனம் எழுதிக் குடேன்" என்றார். அழுகை வந்தது எனக்கு. இத்தனை நல்ல மனுஷனுக்கு ஒரு கெட்ட பழக்கம் தேடிய என் வாயில் மண்ணைப் போட.

சாயங்காலம் அக்கா வந்தாள். டீயாவது சாப்பாடாவது, செருப்பைக்கூட அவள் கழற்றவில்லை, வாசலிலேயே மாமா எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

5

அக்கா என்ன செய்தாள் என்பதை நான் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் தட்டை வீசி எறிகிறாள். (வரைவைப் படித்த அக்கா, "நான் எப்படி தட்டை எறிவேன், அப்புறம் யார் பெருக்குறது?" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறாள்.) இன்னொன்றில், தன் வேலையைவிட உண்மைதான் பெரிது என்று புன்னகைக்கிறாள். அதை எழுதிய கையை உடைக்க வேண்டும். மூன்றாவது நடந்தது.

"எந்த வரி?" என்று மட்டும் கேட்டாள்.

மாமா காட்டினார். அக்கா நின்றபடியே அந்த ஒன்றை அழித்து, ஒன்று புள்ளி சுழி மூன்று என்று அடித்தாள். ஓட விட்டாள். இரண்டு கொட்டகைகளின் கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று போய் உட்கார்ந்தன. பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் திட்ட வேண்டும், திட்டினால் சரியாகிவிடும் என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். திட்டவில்லை. மெல்ல உட்கார்ந்தாள்.

"வேற யார் எழுதியிருந்தாலும் வரி வரியாப் பார்த்திருப்பேன்" என்றாள். "நீங்க எழுதினதுன்னு திறந்தே பார்க்கலை."

எனக்கு வாழ்க்கையில் இப்படி ஒரு வசனம் எழுத வராது. அதைக் கேட்டுக்கொண்டு அங்கே நிற்கவும் முடியவில்லை, மாடிக்கு ஓடிவிட்டேன்.

6

மறுநாள் காலை அக்கா இயக்குநருக்குத் தானே போன் செய்து அறிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். தப்பு யாருடையது என்று அவர் கேட்டிருக்கிறார் போல. "என்னுடையது சார், நான் சரிபார்க்கலை" என்றாள். மாமா கதவருகே நின்று கேட்டார். இன்னொரு பருவம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். இப்போது சக்கையை நாற்பது மைல் சுற்றிக் கொண்டுவராமல் பக்கத்து ஆலையிலிருந்து எடுத்தால் வாடகை குறையுமா என்று பார்க்கப்போகிறாள். குறைந்தால் அவள் வேலை நிலைக்கும். இல்லாவிட்டால் போய்விடும்.

வீட்டில் சண்டை ஒன்றும் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது. பேசுகிறார்கள், சாப்பிடுகிறார்கள், என்னைக் கிண்டல் செய்கிறார்கள். மாமா பாத்திரத்தைத் தேய்த்ததையே தேய்க்கிறார். ஆசிரியர் போன் செய்து முடிவு வந்துவிட்டதா என்று கேட்கிறார். நான் யாரைக் கேட்பது?

சமாதானமாகிவிட்டார்கள் என்று ஒரு முடிவு எழுதினேன். அக்கா அடித்துவிட்டாள். "மன்னிச்சுட்டேன்னு எழுதாதே. மன்னிக்கலைன்னும் எழுதாதே. அது உன் வேலை இல்லை." பக்கத்து ஆலை கைகொடுத்தது என்று ஒன்று எழுதினேன். இன்னும் சோதனையே தொடங்கவில்லை, அதற்குள் முடிவு எழுதுகிற ஆளை ஆராய்ச்சிக்காரர்கள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் தெரியுமா என்று மாமா சிரித்தார். பல நாளைக்குப் பிறகு சிரித்தார்.

ஆகவே நேற்று மத்தியானம் நடந்ததை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன்.

புதிய சோதனைக்கு மாமா நிரலை மறுபடி முதலிலிருந்து எழுதியிருந்தார். அக்காதான் அவரை எழுதித் தரக் கேட்டாள், வேறு யாரையும் கேட்கவில்லை. மடிக்கணினியைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் அவள் முன்னால் வைத்தார். நான் எதிரே உட்கார்ந்து சாப்பிடுவதுபோல நடித்துக்கொண்டிருந்தேன். அக்கா மூடியைத் தொட்டாள், திறக்கவில்லை. வரி வரியாகப் பார்த்தால் அவள் நல்ல ஆராய்ச்சிக்காரி. பார்க்காமல் ஓட விட்டால் அவள் பழைய அக்கா. இரண்டில் எது போனாலும் எனக்குத் தாங்காது.

"நீங்களே சொல்லுங்க" என்றாள் மாமாவிடம். "திறந்து பார்க்கவா, வேண்டாமா?"

மாமா ஒரே ஒரு வார்த்தை சொன்னார். நான் கேட்டேன். அக்காவின் கண் கலங்கியதையும் பார்த்தேன். அந்த வார்த்தையை இங்கே எழுத மாட்டேன், இரண்டு பேரும் கெஞ்சினாலும் எழுத மாட்டேன். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார், அவர் நீட்டுகிற எதையும் நீங்கள் படித்துப் பார்க்காமல் வாங்கிக்கொள்வீர்கள். அவரைக் கேளுங்கள். அவர் சொல்வதை எழுதிக்கொள்ள இடம் விட்டிருக்கிறேன்: