எட்டாவது பேரிங்

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. இஞ்சினை இறக்கிப் புதுசு மாட்டினால், கழற்றிய பழசையெல்லாம் சாக்கில் போட்டு வண்டிக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். மாற்றினேன் என்பதற்கு அதுதான் சாட்சி. நாமக்கல்லில் பட்டறை வைத்த பன்னிரண்டு வருஷத்தில் எவரும் அந்தச் சாக்கைப் பிரித்து என் எதிரில் எண்ணியதில்லை, சின்னாயி அக்கா வரும்வரை.

அது எழுபத்தொன்பதாம் வருஷம். மோகனூர் மருதாசலத்தின் அம்பாசிடர் டாக்சி புகை கக்கிக்கொண்டு வந்து நின்றது. பிஸ்டன், ரிங், வால்வு, டைமிங் செயின், நாலு பிஸ்டன் ராடுக்கும் இரண்டிரண்டாக உட்காரும் அரைவட்ட பேரிங் தகடுகள் எல்லாம் தேய்ந்திருந்தன. பத்து நாளில் மாற்றி முடித்தேன். மறுநாள் அந்த வண்டியில்தான் மகளின் புகுந்த ஊரான ஏற்காட்டுக்குச் சோறு கட்டிக்கொண்டு போய், கட்டுச்சோறு விருந்து முடித்து, ஏழு மாதக் கர்ப்பிணியான அவளைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வருவதாக ஏற்பாடு.

வண்டி எடுக்க மருதாசலத்தோடு வந்த அவர் மனைவி சின்னாயி அக்கா, சாக்கைக் கவிழ்த்துக் கொட்டி உட்கார்ந்துவிட்டார்.

"ஏனுங் தம்பி, ராடு பேரிங்கு புதுசு எட்டுன்னீங்க. பழசும் எட்டு இருக்கோணுமல்லங்க? ஏழுதான் இருக்குது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "எட்டாவதை நானென்ன முழுங்கிட்டனாக்கா? இஞ்சினுக்குள்ளயே வெச்சு மூடிட்டனாக்கும்!" என்று கத்தினேன். பட்டறையே சிரித்தது. மருதாசலம், "வா புள்ள" என்று அதட்டினார். அக்கா முகம் சுண்டிப்போய் வண்டியில் ஏறினார். நன்றாக வேண்டும் என்று நினைத்தேன்.

அன்று மதியம் மூன்று மணிக்கு மேசையைத் துடைத்தபோது, கிரீஸ் காகிதத்துக்குள் விரல் நீளத்தில் ஒரு அரைவட்டத் தகடு பளபளத்தது. மாட்டியிருக்க வேண்டிய எட்டுப் புது பேரிங்கில் ஒன்று. நாலாவது ராடில் மேல்பாதித் தகட்டை மட்டும் மாற்றியவன், யாரோ கூப்பிட்டதும் எழுந்து போனேன். திரும்பி வந்து, இரண்டும் புதுசு போட்டாயிற்று என்று நினைத்து முடுக்கியிருக்கிறேன்.

தேய்ந்த பேரிங் சமதரையில் ஒரு மாதம் ஓடும். மலையேறினால் சூடேறி உருகும். ராடு முறிந்து இஞ்சின் இறுகினால், ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். தப்பு யாருக்கும் தெரியாது, வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அந்தப் புத்தியும் வந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் வயிற்றுப்பிள்ளைக்காரி அந்த வண்டியில் உட்காரப் போகிறாள். ஸ்பேனரையும் தகட்டையும் எடுத்துக்கொண்டு மோகனூர் பஸ் ஏறினேன்.

மருதாசலத்தின் வீடு நிறைய சொந்தக்காரர்கள். புளிச்சோறு கிளறும் வாசம். எல்லார் முன்னாலும் சொன்னேன்.

"அக்கா, நீங்க எண்ணுனதுதானுங் சரி. எட்டாவது உள்ளதான் இருக்குது. தப்பு எம்மேலதானுங்க."

"இவன நம்பியா புள்ளயக் கூட்டியாறது? வேற வண்டி புடிங்க" என்றார் மருதாசலத்தின் அண்ணன். மருதாசலம் என்னைப் பார்க்கவேயில்லை. அக்கா உள்ளே போய் ஒரு பாயைக் கொண்டுவந்து வண்டிக்கு அடியில் விரித்தார். இருட்டுவதற்குள் இஞ்சின் அடியிலுள்ள ஆயில் சம்ப்பை இறக்கி, பேரிங்கை மாற்றி, மூடினேன்.

கைகழுவத் தண்ணீர் ஊற்றியபடி அக்கா சொன்னார்: "எம் புள்ள வார வண்டி. நாளைக்கு நீங்களும் வாரீங்க."

கோபம் வந்தது. பட்டறையில் வேலை கிடக்கிறது என்று சொல்ல வாயெடுத்தவன், சரியென்று தலையாட்டினேன்.

மறுநாள் மலையேறும்போதும், விருந்து முடிந்து மகளோடு இறங்கும்போதும் முன்சீட்டில் விறைத்து உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் காது இஞ்சினிலேயே இருந்தது. பின்னால் மகள் தாயின் தோளில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள். பாதி மலை இறங்கியிருப்போம்.

"தம்பி," என்று மெதுவாகக் கூப்பிட்டார் அக்கா. "சத்தம் நல்லாத்தானுங் இருக்குது. நீங்களும் சித்த நேரம் தூங்குங்க."

எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணீரை, பக்கத்தில் வண்டி ஓட்டும் மருதாசலம் பார்த்துவிடக் கூடாதே.