போர்வைச் சண்டையும் பதினோரு மணி நேரப் பயணமும்

அக்காவும் தங்கையும் பேச்சை நிறுத்திய ஆண்டில், அவர்கள் ஊர்களின் விமான நிலையங்களுக்கு நடுவே பதினோரு மணி நேரமாக இருந்த பயணம் பத்தொன்பது மணி நேரமாக நீண்டுபோனது. காற்றைக் குறை சொன்னார்கள், இயந்திரத்தைக் கழற்றிப் பார்த்தார்கள். கடைசியில் தூரத்தையே அளந்தபோது கடல்தான் அகலமாகியிருந்தது. விமானிகளுக்கு இதில் பெரிய ஆச்சரியம் இல்லை. இருவரும் ஃபோனில் மணிக்கணக்காகக் கொஞ்சிக்கொண்ட நாட்களில் ஏழே மணி நேரத்தில் போய்விட்டு, இறங்க இடமில்லாமல் வட்டமடித்தவர்கள் அவர்கள்.

அக்காவுக்கு விமானப் போர்வைகளைத் துவைத்து மடிக்கும் வேலை. தங்கை அக்கரையில் இஸ்திரிக் கடை வைத்திருந்தாள். அக்கா ஓய்வு நேரமெல்லாம் உட்கார்ந்து, கண் நோக ஒட்டுத்துணிப் போர்வை ஒன்று தைத்து அனுப்பினாள். ஒருநாள் வீடியோவில் பார்த்தால் அது இஸ்திரி மேசைக்கு விரிப்பாகக் கிடக்கிறது, மேலே எவனோ ஒருவனுடைய கால்சட்டை! வந்ததே கோபம், இனி உன் மூஞ்சியிலேயே விழிக்க மாட்டேன் என்று சொல்லி ஃபோனை வைத்தவள்தான். தங்கையும் லேசுப்பட்டவள் இல்லை, ரோஷத்தில் அவளும் கூப்பிடவில்லை. விமான நிறுவன மேலாளர் பிஸ்கட் டப்பாவோடு வீடு தேடி வந்து கெஞ்சினார். அக்கா டப்பாவை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

பிறகு தங்கையின் கணவர் கூப்பிட்டார். பிரசவத்தில் குழந்தை தலை திரும்பவில்லையாம், ஆபரேஷனாம், அக்கா வராமல் உள்ளே போக மாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு அடம்பிடிக்கிறாளாம். அக்கா போட்டது போட்டபடி கிளம்பினாள். அடுத்த விமானத்திலேயே ஏறிவிட்டாள். ஏறினாளே தவிர கோபம் இறங்கவில்லை. விமானம் போகப்போகக் கரையும் தள்ளித் தள்ளிப் போனது. விமானியே எழுந்து வந்து அவள் இருக்கை அருகே நின்றார்.

"அம்மா, கொஞ்சம் மனசு வைங்க. எரிபொருள் பத்தாது."

"நான் என்னங்க பண்றது? கோபம் அதுவா போனாத்தான் உண்டு."

குளிருக்குப் போர்வையை இழுத்தாள். அவளே மடித்த போர்வை, மடிப்பைப் பார்த்தாலே தெரிந்தது. கை பழக்கத்தில் சுருக்கத்தை நீவிவிட்டது. வீட்டு அலமாரியில் நல்ல நல்ல போர்வைகள் பூட்டிக் கிடக்கின்றன, வருஷத்துக்கு ஒருமுறைகூட அவற்றை அவள் தொட்டதில்லை. நாளெல்லாம் அவள் கை படுவது இந்த வேலைப் போர்வைகள்தான். அப்படியானால் தங்கை நாளெல்லாம் கை வைத்து நிற்கிற இடம் எது? அந்த மேசைதானே!

"அடிப்பாவி, சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல," என்றாள் வாய்விட்டு. கண் நிறைந்துவிட்டது. அதைத் துடைத்து முடிப்பதற்குள் சக்கரங்கள் தரையைத் தொட்டன. பயணிகள் மடியில் சாப்பாட்டுத் தட்டுகள் பிரிக்காமல் இருந்தன.

"வர்றதுக்கு இவ்ளோ நேரமா?" என்று கேட்ட பிறகுதான் தங்கை கட்டிலை விட்டாள். பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்.

அதன்பிறகு பயணம் நாளுக்கு நாள் குறைந்தது. மேலாளர் மறுபடி பிஸ்கட் டப்பாவோடு வந்தார். பயணிகளுக்குச் சாப்பாடு கொடுக்க நேரம் வேண்டாமா, வாரம் ஒரு சின்னச் சண்டையாவது போடுங்கள் என்றார். பாவமாக இருந்ததால் இருவரும் ஒத்துக்கொண்டு ஃபோனை எடுத்தார்கள். இரண்டு வார்த்தை திட்டுவதற்குள் சிரிப்பு பீறிட்டது. அன்றைக்கு விமானம் கிளம்புவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. இப்போதெல்லாம் சாப்பாட்டை இறங்கிய பிறகுதான் கொடுக்கிறார்கள். அக்கா மதிய இடைவேளையில் போய்க் குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டு வந்து, மிச்சப் போர்வைகளை மடிக்கிறாள்.