பேரு வெளியில வராது

நடவு நடக்கும் நாட்களில் பால்வாடிக்குப் பிள்ளைகள் விடிந்ததுமே வந்துவிடும். அன்று நாலு வயது வானதிக்குக் கால் கழுவிவிடப் பாவாடையைத் தூக்கிய அம்சம் டீச்சர் சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். தொடையில் கரண்டிக் காம்பு நீளத்துக்குச் சூடு போட்ட புண்.

"யாரு தங்கம் போட்டது?"

"பாயில ஒண்ணுக்குப் போயிட்டேன் டீச்சர். மாமாதான்."

மாமா என்றால் வளவன். புயலில் பால்வாடிக் கட்டடம் விழுந்த பிறகு, நெல்மூட்டை அடுக்கும் தன் கொட்டகையை வாடகை வாங்காமல் விட்டுக்கொடுத்த புண்ணியவான். புருஷனை இழந்த தங்கை செம்மொழிக்கும் அவள் மகள் வானதிக்கும் சோறு போடுகிறவர். பாயை நனைக்கும் பிள்ளைக்குச் சூடு போடுவதை இந்த ஊரில் யாரும் குற்றமாக நினைத்ததில்லை. பால்வாடி டீச்சர்களுக்கு நடந்த பயிற்சியில்தான் அதைக் குற்றம் என்றார்கள். "பாத்தா உதவி எண்ணுக்குச் சொல்லிடுங்க. சொன்னவங்க பேரு வெளியில வராது" என்று டீயும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்பினார்கள்.

கொட்டகை போனால் மற்ற பிள்ளைகள் எங்கே உட்காரும் என்று அம்சம் மதியம்வரை தயங்கினாள். மனசு கேட்கவில்லை. போன் செய்துவிட்டாள்.

ஜீப் நேராக வளவன் வாசலில் போய் நின்றது. வந்த அதிகாரிகள் இருவரும் அவர் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, அவர் வெட்டிக் கொடுத்த இளநீரைக் குடித்துவிட்டு, அவர் எதிரிலேயே பிள்ளையை விசாரித்தார்கள். வானதி வாய் திறக்கவில்லை. இந்த லட்சணத்துக்கு அவர்கள் வராமலே இருந்திருக்கலாம். வயலிலிருந்து சேற்றுக்காலோடு ஓடிவந்த செம்மொழி அண்ணன் முகத்தைப் பார்த்தாள்.

"அடுப்புல பட்டுடுச்சு சார்" என்றாள்.

சொன்னது யார் என்று அவர்கள் கடைசிவரை மூச்சுவிடவில்லை. சட்டத்தை மதிக்கிறவர்கள் அல்லவா! ஆனால் வீட்டுக்கு வெளியே அந்தத் தொடையைப் பார்க்கக்கூடியவள் கால் கழுவிவிடும் டீச்சர் ஒருத்திதான். ஊருக்கே அது தெரியும்.

மறுநாள் கொட்டகையில் பூட்டு தொங்கியது. அம்சம் பிள்ளைகளைக் கோயில் மண்டபத்தில் உட்காரவைத்துச் சோறு போட்டாள். வானதி வரவில்லை. சாயங்காலம் அவள் பங்கு முட்டையை முந்தானையில் மறைத்துக்கொண்டு அம்சம் வளவன் வீட்டுக் கொல்லைப்பக்கம் போனாள். வேலியோரம் வந்த வானதி முட்டையை வாங்கவில்லை.

"நான் அவங்ககிட்ட எதுவும் சொல்லல டீச்சர். மாமாகிட்ட நீங்க சொல்றீங்களா?"

"நீ சொல்லலடா தங்கம். நான்தான் சொன்னேன்."

வானதி பாவாடையை விலக்கி இன்னொரு தொடையைக் காட்டினாள்.

"அப்ப எனக்கு எதுக்கு இந்தக் கால்லயும் போட்டாங்க?"