படத்திலும் சமபங்கு

"ஏனம்மணி, உங்கப்பன் தென்னை மட்டும் கோயில் கோபுரமாட்டம் நிக்குது, எந்தென்னை ஏன் கொத்தமல்லிக் கட்டாட்டம் கெடக்குது?"

காலையில் பால் ஊற்ற வந்தவர்களின் வரிசை பால் சொசைட்டி வாசல் வரைக்கும் நீண்டிருந்தபோது, அத்தனை பேர் காதிலும் விழும்படி மருதாசலம் சுவரில் தொங்கிய படத்தைக் காட்டி இப்படிக் கேட்டார். கேள்வி துளசிமணிக்கு. அவளுக்குப் பதில் தெரியும். ஆனால் அவளுக்குத் தெரிந்த பதில்கள் எல்லாம் தொண்டை வரைக்கும் வந்து, வெளியே ஆள் நிற்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுகிற வகை. பால் போசியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

பத்தாம் வகுப்பில் கணக்கு அவளைக் கவிழ்த்துவிட்ட பிறகு அவள் வீட்டோடு இருந்துவிட்டாள். வெளி ஆட்கள் வந்தால் அம்மா முதுகுக்குப் பின்னால் போவாள். அம்மா இல்லாத இடத்தில் தூண். தூணும் இல்லாவிட்டால் எருமை. அந்த எருமைக்கே அவள் குரல் அவ்வளவாகப் பழக்கமில்லை.

இப்படிப்பட்டவள் பென்சிலைக் கையில் எடுத்ததற்கு, கோயமுத்தூரில் டவுன்ஹால் பக்கத்து நடைபாதையில் அகப்பட்ட ஒரு மெல்லிய புத்தகம் காரணம். இயற்கைக் காட்சிகளைப் பென்சிலில் வரைய ஆரம்பிப்பவர்களுக்கான புத்தகம். அட்டை பாதி கிழிந்திருந்தது. உள்ளே சொன்னதெல்லாம் சுருக்கம். முதலில் தாளின் குறுக்கே ஒரு கோடு. அது வானமும் மண்ணும் தொடும் இடம். கிட்டே இருப்பதைப் பெரிதாக, தாளின் கீழ்ப்பக்கத்தில், நல்ல கருப்பாகப் போடு. தூரத்தில் இருப்பதைச் சிறிதாக, மேலே தள்ளி, வெளிறினாற்போல் போடு. துளசிமணிக்கு இந்தப் புத்தகத்தின் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. அவளிடம் கணக்குக் கேட்காத முதல் புத்தகம் இது.

மத்தியானத்தில் சொசைட்டி பூட்டிக் கிடக்கும். அதன் வாசற்படியில் உட்கார்ந்து எதிரே தெரிந்ததை வரைந்தாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவள் அப்பா அரங்கசாமியின் தோட்டம், அதில் வாழை, ஒரு வரிசை தென்னை. அதற்குப் பின்னால் கிளுவை வேலி. வேலிக்கு அப்பால் அப்பாவின் அண்ணனும் பங்காளியுமான மருதாசலத்தின் தோட்டம், அதன் கடைசியில் அவருடைய தென்னை. எல்லாவற்றுக்கும் பின்னால் மேற்கு மலை, வானத்தில் ஒரு காக்கா. அப்பாவின் தென்னை தாளின் உயரத்துக்கு வந்தது. மருதாசலத்தின் தென்னை சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கியது. கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது, கையும் அப்படித்தான் போட்டது.

சொசைட்டி செயலாளர் தனபால் ஒருநாள் சீக்கிரமாகவே கதவைத் திறக்க வந்தவர், அவள் ஒளிப்பதற்குள் படத்தைப் பார்த்துவிட்டார். உள்சுவரில் ஆட்டுத் தலை மாதிரி ஓதம் பிடித்து ஒரு கறை இருந்தது. அதை மறைக்க அவர் ரொம்ப நாளாக ஏதாவது தேடிக்கொண்டிருந்தார். பழைய காலண்டர் சட்டத்தில் படத்தைச் செருகிக் கறையின் மேல் மாட்டிவிட்டார்.

அன்றிலிருந்து பால் ஊற்ற நானே போகிறேன் என்று துளசிமணி கிளம்பினாள். அம்மா பாவாத்தாள் மகளின் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சலா என்று பார்த்தாள். காய்ச்சல் இல்லை. வரிசையில் நிற்கிறபோது ஓரக்கண்ணால் சுவரைப் பார்க்கலாம், அவ்வளவுதான். அவள் செய்த ஒன்று, நாலு பேர் வந்து போகிற இடத்தில் தொங்குகிறது. அது அப்படியே தொங்கிக்கொண்டிருக்க வேண்டும். அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

இப்போது அதற்குத்தான் ஆபத்து வந்திருந்தது.

மருதாசலத்துக்கு அவசரம் இருந்தது. அவர் மகன் சுரேந்தருக்குப் பெண் கொடுக்க யோசிக்கிறவர்கள் அவிநாசியிலிருந்து வெள்ளிக்கிழமை தோட்டம் பார்க்க வருகிறார்கள். பஸ் நிற்பது சொசைட்டி வாசலில். இறங்கியதும் வழி கேட்க உள்ளே வருவார்கள். வந்தால் முதலில் கண்ணில் படுவது இந்தப் படம்.

தனபாலின் மேசையிலிருந்து அளவுகோலை எடுத்து மருதாசலம் படத்தின் மேல் வைத்து அளந்தார். "பாருங்க, எல்லாரும் வந்து பாருங்க. பாகம் பிரிச்சப்போ எப்படிப் பிரிச்சாங்க? தென்னையில பாதி. கெணத்துல பாதி. மோட்டார்ல பாதி. எங்கப்பாரு செத்தன்னிக்கு வந்த சனம் அழுததுலகூட எனக்குப் பாதி, அவனுக்குப் பாதி. படத்துல மட்டும் முக்காலும் இவிங்களுக்கா?"

"தூரமுங்க, பெரியப்பா," என்றாள் துளசிமணி. அது பால் போசிக்கு மட்டும் கேட்டது.

அந்த நேரத்தில் அரங்கசாமி டிவிஎஸ் ஃபிப்டியில் வந்து இறங்கினார். அதுவரைக்கும் அவர் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. இப்போது பார்த்தார். தன் தென்னை வானத்தைத் தொட்டு நிற்பதைக் கண்டு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

"நல்லாத்தானுங்கண்ணா இருக்குது?"

"உனக்கு நல்லாத்தான்டா இருக்கும். சமமாப் போடச் சொல்லு."

"சமமா வேணுமின்னா எல்லாத்தையும் பிரிச்சுப்போடுவோமுங்க. மலையை யாருக்குத் தாரது?"

"மலை பாரஸ்ட்டுக்காரங்களுது," என்று தனபால் குறுக்கிட்டார். "அதைத் தொடாதீங்க, கேஸ் ஆகிப்போயிரும்."

"வானம்?"

"வானம் பொதுவுங்க."

"அப்ப இந்தக் காக்கா?" என்று வரிசையில் நின்றவர்களில் யாரோ எடுத்துக் கொடுத்தார்.

"காக்கா என்னுது," என்றார் அரங்கசாமி. "எந்தென்னையில இருந்துதானுங்க பறக்குது."

"மூக்கு எங்க பக்கமில்ல திரும்பியிருக்குது? எங்கூட்டுக்கு வர்ற ஒறம்பரை அது."

இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. பின்னால் பால் புளித்துக்கொண்டிருந்தது. தனபால் ரப்பரை எடுத்துக் காக்காயை அழித்துவிட்டு, "இப்ப யாருக்குமில்லை, நவுருங்க," என்றார். அந்தக் காக்காயின் இறக்கை சரியாக வரத் துளசிமணி நெம்பப் பாடுபட்டிருந்தாள்.

மருதாசலம் கடைசியில் பெரிய ஆயுதத்தை எடுத்தார். பங்குக் கிணற்றின் மோட்டார் ரூம் சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது. "வெள்ளிக்கெழமைக்குள்ள படம் மாறலைன்னா தண்ணி மொறை கிடையாது. வாழைக்குப் போசியில மோந்து ஊத்திக்க."

வாழை குலை தள்ளுகிற சமயம். அரங்கசாமியின் நிமிர்ந்த நெஞ்சு பழைய நிலைக்கு வந்தது. வீட்டுக்குப் போனதும் மகளிடம், "வேற ஒண்ணு போட்டுக் குடுத்துரு கண்ணு. பேப்பர்தானே," என்றார். அவள் தலையை ஆட்டினாள். பிறகு எருமைக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்து புதுத் தாளை எடுத்தாள்.

புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினாள். பங்காளிகளுக்குச் சமமாக வரைவது எப்படி என்று அதில் எங்கேயும் போட்டிருக்கவில்லை. அப்பாவின் தென்னைக்குப் பக்கத்தில் பெரியப்பாவின் தென்னையை அதே உயரத்துக்கு ஏற்றினாள்.

சாயங்காலம் மருதாசலம் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "காட்டு பாக்கலாம்," என்றார். பார்த்தார். "ஏனம்மணி, உங்க மரமெல்லாம் தரையில நிக்குது. எம்மரம் மட்டும் அந்தரத்துல தொங்குது? எறக்கு."

இறக்கினாள்.

"கருப்பும் பத்தலை. வெளுத்துக் கெடக்குது. தண்ணியில்லாத தோட்டமுன்னு நெனைச்சுப்போடுவாங்க. நல்லா அப்பு."

நல்ல கருப்பு விழும் சிக்ஸ் பி பென்சில் பாதியாகும் வரைக்கும் அப்பினாள். இரண்டு சொட்டுக் கண்ணீர் விழுந்து அடிமரத்தில் பரவியது. அவரோ, "இங்க நெழல் பிரமாதம்," என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் பழைய படத்தை எடுத்துவிட்டுப் புதுப் படத்தைத் தனபால் சட்டத்தில் செருகினார். மருதாசலம் வெளுத்த வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி வந்து, படத்துக்கு முன்னால் மாப்பிள்ளை மாதிரி நின்றார். வரிசையில் நின்றவர்களும் பார்த்தார்கள். தென்னை தென்னைக்குச் சமம். ஒரு மட்டைகூட ஏற்றத்தாழ்வு இல்லை. துளசிமணி மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அரங்கசாமி வந்தார். பார்த்தார். ஏதோ உறுத்தியது. இன்னும் கிட்டே போய்ப் பார்த்தார்.

"ஏனுங்கண்ணா, உங்க மரமெல்லாம் எந்தோட்டத்துக்குள்ள எப்ப வந்துச்சு?"

"என்னடா சொல்றே?"

"வேலியைப் பாருங்க. மரத்துக்குப் பின்னாலயல்ல ஓடுது? உங்க தென்னை வேலிக்கு இக்கட்டால, என் வாழைக்கு நடுவுல நிக்குது."

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். உண்மைதான். பெரிதாக்கி, கீழே இறக்கி, கருப்பாக்கியதில் மருதாசலத்தின் தென்னை மொத்தமாகக் கிளுவை வேலியைத் தாண்டி வந்து அரங்கசாமியின் பாத்தியில் கால் ஊன்றியிருந்தது.

மருதாசலம் முதலில் திகைத்தார். பிறகு அவர் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு பரவியது. "படத்துலயே இருக்குதல்ல? அப்ப அது எங்க எடமாத்தான் இருக்கோணும். சர்வேயில தப்பா அளந்துபோட்டாங்களாட்ட இருக்குது."

"அப்படிங்களா? சரிங்க," என்றார் அரங்கசாமி. "எந்தோட்டத்துல நிக்கற மரத்துல காயும் எனக்குத்தானுங்க. நாளைக்கே ஆளை ஏத்தறேன்."

"ஏத்திப் பாரு! ஏறுனவன் எறங்க மாட்டான்!"

"எறங்காட்டிப் போறான், காய் எறங்குனாச் செரி!"

வரிசை கலைந்து வட்டமாகிவிட்டது. ஒரு கட்சி வேலி பக்கம், ஒரு கட்சி மரத்தின் பக்கம். கதவுக்கு வெளியே தலையைத் திருப்பினால் நிஜத் தென்னையும் நிஜ வேலியும் அதது இடத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தன. யாரும் திரும்பவில்லை. அதனால்தான் பஸ்ஸிலிருந்து இறங்கி, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்ற ஒருவரையும் யாரும் பார்க்கவில்லை.

அவர் தம்பிதுரை. அவிநாசிப் பெண்ணுக்குத் தாய்மாமன். பெண்டுகள் காரில் பின்னால் வர, இவர் முன்னால் வந்துவிட்டார்.

"ஏனுங்க, மருதாசலம் தோட்டத்துக்கு எப்படிப் போறதுங்க?"

சத்தம் அடங்கியது. மருதாசலம் துண்டை உதறி, "வாங்க வாங்க, நாந்தானுங்க," என்றார். தம்பிதுரையின் பார்வை அதற்குள் படத்துக்குப் போய்விட்டது.

"வரப்புத் தகராறு ஏதாச்சும் ஓடுதுங்களா? தப்பா எடுத்துக்காதீங்க. எங்க மூத்த புள்ளையை இப்படி ஒரு எடத்துல குடுத்துப்போட்டு, இன்னும் கோயமுத்தூர்க் கோர்ட்டுக்கு நடந்துட்டிருக்கறோமுங்க. இன்னொருக்கா ஆகாதுங்க."

மருதாசலத்தின் முகம் வெளிறிப்போயிற்று. பாய்ந்து வந்து தம்பிதுரையின் தோளைப் பிடித்து வாசலுக்குத் திருப்பினார்.

"தகராறெல்லாம் ஒண்ணுமில்லீங்க! அங்க பாருங்க. இது என்ற தம்பி அரங்கன் மரம். அது வேலி. அதுக்கும் அக்கட்டால, கடைசியில, மலைக்குக் கிட்ட, அதுதானுங்க என்ற மரம். நெம்பத் தூரமுங்க. தூரத்துல இருக்கறது சின்னதாத்தானுங்க தெரியும்? ஒரு கண்ணை மூடிட்டுப் பாருங்க. வெரலை நீட்டுங்க. நகத்துக்குள்ள அடங்கிப்போகுதுங்களா இல்லீங்களா?"

தம்பிதுரை ஒரு கண்ணை மூடி விரலை நீட்டினார். சொசைட்டியில் பாதிப் பேர் தாங்களும் நீட்டினார்கள். தனபால்கூட மேசைக்குப் பின்னாலிருந்து நீட்டினார்.

"அடங்குதுங்க," என்றார் தம்பிதுரை. "அப்பறம் படத்துல ஏனுங்க அத்தனை பெருசு?"

மருதாசலம் சுற்றுமுற்றும் பார்த்தார். கண்ணில் துளசிமணி பட்டாள். "அது வந்துங்க... சின்னப் புள்ளை. வெவரம் பத்தாது. தப்பாப் போட்டுப்போட்டுது."

"நீங்கதானுங்க பெரியப்பா பெருசாப் போடச் சொன்னீங்க!"

யார் பேசியது என்று எல்லோரும் திரும்பினார்கள். துளசிமணியும் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அது தன் குரல் என்று அவளுக்கு உறைத்தது. நிறுத்தலாம் என்றுதான் நினைத்தாள். வாய் நிற்கவில்லை.

"எறக்கச் சொன்னதும் நீங்கதானுங்க. கருப்பா அப்பச் சொன்னதும் நீங்கதானுங்க. நான் மொதல்லயே சரியாத்தானுங்க போட்டிருந்தேன்."

ஒரு போசி மூடி கீழே விழுந்து உருண்டது. அரங்கசாமி மகளைப் புதுசாகப் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார்.

"பெருசாப் போடச் சொன்னீங்களா?" என்றார் தம்பிதுரை. "எதுக்குங்க?"

மருதாசலம் சட்டென்று மேசைப் பக்கம் திரும்பினார். பிறகு, "தனபாலு, மொதப் படம் எங்கய்யா?" என்று கத்தினார்.

தனபால் நெளிந்தார். அதை எடுத்து மேசைமேல் டீ கிளாஸுக்கு அடியில் விரித்திருந்தார். வானத்தில் வட்டமாக ஒரு டீக்கறை படிந்திருந்தது. வேட்டி நுனியால் துடைத்துப் பார்த்தார், போகவில்லை. "நெலாவா இருந்துட்டுப் போகுதுங்க," என்றபடி படத்தைச் சட்டத்தில் செருகி மாட்டினார்.

தம்பிதுரை சுவரைப் பார்த்தார், வாசலுக்கு வெளியே பார்த்தார், மறுபடி சுவரைப் பார்த்தார். "இதுதானுங்க சரி. அச்சு அசலு. வேலி வேலியா இருக்குது, மரமெல்லாம் அதது எடத்துல நிக்குது. இதை எடுத்துப்போடாதீங்க."

"இனி ஒரு பய தொட மாட்டானுங்க," என்று தனபால் ஆணியை இன்னும் ஒரு அடி அடித்தார்.

துளசிமணி இந்தத் தடவை ஓரக்கண்ணை விட்டுவிட்டு நேராகவே படத்தைப் பார்த்தாள்.

தம்பிதுரை இன்னும் நகரவில்லை. குடையை ஊன்றிக்கொண்டு படத்தின் கிட்டே குனிந்து, மருதாசலத்தின் தென்னையை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு கவலையோடு நிமிர்ந்தார்.

"ஏனுங்க, இத்தினியூண்டு மரமா இருக்குதுங்களே. காய்க்குதுங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் தண்ணி முறை போய்விடும் என்று அரங்கசாமி துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். மருதாசலம் படத்தைப் பார்த்தார். துளசிமணியைப் பார்த்தார். அவர் இடுப்பில் சாவி ஒருமுறை கிலுங்கியது. தம்பிதுரையின் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்து இழுத்துக்கொண்டு, தன் பால் போசியைக்கூட எடுக்காமல் படியிறங்கித் தோட்டத்தைப் பார்த்து நடந்தார்.