தையல் போடாத அங்கி

ஜிப்பு என்ற சொல்லைக் கேட்டாலே அந்த ஆண்டு இஞ்ஞாசியம்மாள் டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஈஸ்டர் முடிந்ததும் திண்டுக்கல்லில் நடக்கும் பாஸ்கு நாடகத்துக்கு உடுப்புப் பொறுப்பை முதல்முறையாக அவரிடம் கொடுத்திருந்தார் பங்குச் சாமியார். இயேசுவின் பாடுகளைக் காட்டும் அந்த நாடகத்துக்கு அதுவரை மதுரையிலிருந்து வாடகை வெல்வெட்டு வரும். ரோமாபுரி வீரன் ஜிப்பு வைத்த டெரிலின் கால்சட்டையில் விறைப்பாக நிற்பான்.

"அந்தக் காலத்துல ஏது ஜிப்பு, ஏது டெரிலின்?" என்று அத்தனையையும் விரட்டியடித்தார் டீச்சர். நாடகத்தை நடத்தும் ராயப்பராஜ் வாத்தியாருக்கு இது பிடிக்கவில்லை. "ஏடாகூடமா ஏதாச்சும் ஆச்சுன்னா அடுத்த வருசம் வெல்வெட்டுத்தான் டீச்சர்" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

டீச்சர் அடங்கினாரா? இயேசுவின் அங்கி தையலே இல்லாமல் நெய்தது, அதனால்தான் அவரைச் சிலுவையில் அறைந்த வீரர்கள் அதைக் கிழிக்க மனமில்லாமல் சீட்டுப் போட்டார்கள் என்று பிரசங்கத்தில் கேட்டிருந்தார். இருபது ஆண்டாகப் பள்ளியில் தையல் சொல்லிக்கொடுப்பவர், தையல் இல்லாத உடுப்பு தேடிச் சின்னாளபட்டிக்குப் பஸ் ஏறினார்.

சேலை நெய்யும் ஆவுடையப்பன் விழுந்து விழுந்து சிரித்தார். "தையல் டீச்சரே தைக்கக் கூடாதுன்னா எப்பிடிம்மா?" பிறகு தறியைப் பார்த்தார். "மேல ஒரு துணி, கீழ ஒரு துணி. நூலக் கொண்டுபோற நாடா ரெண்டையும் சுத்தி ஓடுனா குழாயா வந்துரும்ல! தலைக்கும் கைக்கும் வாய் விட்டாப் போச்சு."

பன்னிரண்டு நாளில் அங்கி வந்தது. உள்ளும் புறமும் புரட்டிப் பார்த்தும் ஒரு தையல் இல்லை. டீச்சர் சின்னப்பிள்ளையாகக் குதித்தார்.

ஆசை யாரை விட்டது? ஊர் ஊராக நடந்தவரின் அங்கி புத்தம் புதிதாக இருக்கலாமா? தேயிலைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்தார். பழைய நிறம் வந்தது. துணியும் சுருங்கிவிட்டது.

நாடகத்தன்று இயேசு வேடக்காரன் பிரான்சிஸை மூன்று பேர் பிடித்து அதற்குள் நுழைத்தார்கள். "கழட்டுறது எப்பிடி டீச்சர்?" என்றான். "அத அப்பறம் பாப்போம்ப்பா."

சாயங்கால வெயிலில் அந்தக் கட்டமும் வந்தது. வீரன் பாக்கியராஜ் அங்கியை உருவினான். அது தலையில் சிக்கிக்கொண்டது. அவன் இழுத்த பக்கமெல்லாம், இரண்டு கையையும் தூக்கியபடி, முகமே தெரியாமல் பிரான்சிஸ் பின்னாலேயே போனான். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"கத்தரிய எடுங்க டீச்சர்!" என்று பல்லைக் கடித்தார் ராயப்பராஜ். கத்தரி டீச்சரின் கையில்தான் இருந்தது. வெட்டினால் அங்கியும் போச்சு, அடுத்த வருடமும் போச்சு. கத்தரியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"ஏலே, கிழிச்சிராதீகடா!" தான் நெய்த அங்கியைப் பார்க்க வந்திருந்த ஆவுடையப்பன் முன்வரிசையிலிருந்து எழுந்து கத்தினார்.

பாக்கியராஜ் பேச வேண்டிய வசனமே அதுதானே! "ஆம், கிழிக்க வேண்டாம்! சீட்டுப் போடுவோம்!" என்று கப்பென்று பிடித்துக்கொண்டான். வீரர்கள் அவசர அவசரமாகச் சீட்டுக் குலுக்கினார்கள்.

அதற்குள் ஆவுடையப்பன் மேடையேறிவிட்டார். முந்தைய காட்சியில் ஆளுநர் பிலாத்து கை கழுவிய தண்ணீரை அள்ளிக் கழுத்துப் பக்கம் தெளித்து, பதமாக இழுத்துவிட்டு, ஒரே உருவல். அங்கி முழுசாக வந்தது. நெசவாளி கை சும்மா இருக்குமா? நாலாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, இறங்கிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டார். சீட்டில் ஜெயித்த வீரன் வெறுங்கையோடு நின்றான். கைதட்டல் மலைக்கோட்டை வரை கேட்டிருக்கும்.

நாடகம் முடிந்ததும் சாமியார் மேடைக்குப் பின்னால் வந்தார். "உடுப்பெல்லாம் ஜோர் டீச்சர். ஆனா அங்கிய வாங்கிட்டுப் போனாரே, அவருக்கு நீங்க போட்டுவிட்ட உடுப்புதான் அந்தக் காலத்தையே கண்ணுல காட்டுச்சு. ஒரு தையல், ஒரு பொத்தான் கெடையாது. அடுத்த வருசமும் நீங்கதான்."

டீச்சர் எட்டிப் பார்த்தார். இடுப்பில் நாலு முழ வேட்டி, மேலே ஒரு துண்டு. தறிக்குழியிலிருந்து எழுந்து வந்த கோலத்திலேயே ஆவுடையப்பன் உட்கார்ந்திருந்தார்.

"அதுவா சாமி? அதுக்குத்தான் ரொம்ப மெனக்கெட்டேன்" என்று சொல்லிவிட்டு, டீச்சர் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார்.